வலது பக்கத்துக் கோழிகள்

பிப்ரவரி 13

உருண்டை,

உன் காரியம் நேற்று முடிந்தது. இன்று காலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மூங்கில் நட்ட குழிகளை நானே மண் தள்ளி மூடினேன். வந்தவர்கள் எல்லாரும் பூபதி, பூபதி என்றுதான் உன்னைப் பற்றிப் பேசினார்கள். உருண்டை என்ற பேர் யாருக்கும் தெரியாது. சத்தமாகக் கூப்பிட்டால் நாய் மட்டும் திரும்பிப் பார்க்கிறது. அதனால் இதில் எழுதிக் கூப்பிடுகிறேன்.

இது தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடப் பிறப்புக்கு உனக்குக் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் உன் பேர் எழுதியிருக்கிறாய், வேறு ஒன்றும் இல்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சிரிக்காதே.

மத்தியானம் உன் எபனேசர் சாரும் கம்பெனி ராகவும் வந்தார்கள். சார் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். உனக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவர் இவ்வளவு ஒல்லியாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"யம்மா, பூபதி பாதியில விட்டுட்டுப் போயிட்டான். அவன் செஞ்ச வேலையெல்லாம் வீணாப் போயிரக் கூடாது. நீங்க கோழிய மட்டும் பாத்துக்கிட்டா, மிச்சத்த நான் எழுதி முடிக்கேன். பட்டம் அவன் பேர்ல வாங்கித் தாரேன். நீங்க மேடையேறி வாங்கலாம்" என்றார்.

ராகவ் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டான். "எங்க கம்பெனியும் யுனிவர்சிட்டியும் சேர்ந்து பண்ற முதல் ப்ராஜெக்ட், ஆன்ட்டி. பாதியில நின்னா ரெண்டு பக்கமும் பேர் கெட்டுடும்."

சரிங்க என்றேன். டாக்டர் பூபதி என்று ஒரு தாளில் அச்சடித்துப் பார்க்கலாம் என்றால் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.


பிப்ரவரி 14

நீ சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன்.

நம் ஷெட்டில் வலது வரிசைக் கோழிகளுக்குத் தீவனத்தில் கம்பெனிப் பொடியைக் கலக்க வேண்டும். முட்டை ஓடு கெட்டியாகுமாம், லாரியில் போகும்போது உடையாதாம். இடது வரிசைக்கு வெறும் தீவனம். வலது பக்கத்துக் கோழிக்குக் காலில் சிவப்பு வளையம், இடது பக்கத்துக்கு நீலம், வளையத்தில் எண். கடைசிக் கூண்டுகளில் வளையம் இல்லாத கோழிகள், அவை சோதனையில் சேராதவை, வீட்டு முட்டைக்கு. எல்லாம் ஒரே நாளில் வந்த வெள்ளைக் கோழிகள். வளையம் இல்லாவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது.

கோழி செத்தால் உடனே சாருக்குச் சொல்லி, அதை நீ வாங்கி வைத்த சின்ன ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஆள் வந்து அறுத்துப் பார்ப்பார்கள். அந்த ஃப்ரிட்ஜில் இப்போது இட்லி மாவு வைத்திருக்கிறேன்.


பிப்ரவரி 20

சிலிண்டர் வந்தது. முட்டை வண்டி வந்தது. உன் சட்டைகளைத் துவைக்கவில்லை.


பிப்ரவரி 27

வலது பக்கத்தில் ஒரு கோழி செத்துக் கிடந்தது. காலை நீட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி.

போனை எடுத்தேன். எபனேசர் சார் பேரைத் தேடி வைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது? புருசனைத் தின்றாள், மகனைத் தின்றாள், இப்போது கோழியையும் தின்கிறாள் என்று ஊரில் சொல்வதற்கு இது போதும். உன் அப்பா போனபோதே ஒருத்தி என் காது படச் சொன்னாள். போன வாரம் சிந்தாமணி அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஒரே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு, உன் பெரியப்பா வீடு, எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் கட்டுச்சோறு மட்டும் ஒரு தூக்கில் கொடுத்துவிட்டார்கள். சாப்பிட்டேன்.

வலது பக்கம் செத்ததும் ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இடது பக்கத்துக்கு மூட்டையிலிருந்து அப்படியே கொட்டுகிறேன். வலது பக்கத்துக்குத்தான் பொடியைப் போட்டுக் கையால் பிசறுகிறேன். என் கை பட்டது அந்தப் பக்கம்தான்.

சிவப்பு வளையத்தைக் கழற்றி, கடைசிக் கூண்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்து மாட்டிவிட்டேன். செத்ததை முருங்கைக்கு அடியில் புதைத்தேன். ஒரு கோழிதானே. உன் படிப்பில் என் துக்கம் ஒட்ட வேண்டாம்.


மார்ச் 1

சார் போன் பண்ணினார். "கோழியெல்லாம் எப்படியிருக்கும்மா?"

"நல்லாருக்குதுங்."

"சாவு எதுவும் உண்டா?"

"இல்லீங்."

வைத்த பிறகு முகத்தைக் கழுவினேன். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் கழுவினேன்.


மார்ச் 8

இன்னொன்று.


மார்ச் 12

நாய் முருங்கை அடியில் தோண்டிவிட்டது. விரட்டிக்கொண்டு போனால், கோழி வயிறு கிழிந்து கிடக்கிறது. உள்ளே ஈரல் மேலேயும் மற்றதன் மேலேயும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. எத்தனையோ கோழி அறுத்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை. ஆழமாகக் குழி வெட்டி மூடி, மேலே கல்லை வைத்தேன்.

மோட்டார் காயில் போய்விட்டது. குடத்தில் தண்ணீர் சுமந்து கோழிக்கு ஊற்றினேன். தோள் எரிகிறது. நல்லதுதான்.


மார்ச் 15

சிந்தாமணி அக்காவைக் கூப்பிட்டேன். கழுத்து நிறையத் தாலிக்கொடி, ரெண்டு பையன், வயிற்றுப்பிள்ளைக்காரி மகள். அவர் கையை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"அக்கா, எனக்குத் தோள் வலி. கொஞ்ச நாளைக்குத் தீவனம் மட்டும் பிசறிக் குடுக்கறீங்களா?"

"தோள் வலியா? உன்ற தோள்ல நெல்லு மூட்டையே நிக்கும். என்ன சங்கதி, சொல்லு."

சொன்னேன். கோழி செத்ததைச் சொல்லவில்லை. பூபதி காரியத்தில் என் கை வேண்டாம் என்று மனசு சொல்லுது என்றேன்.  அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வளைகாப்புக்கு உன்னயக் கூப்புடுல. அத மனசுல வெச்சுட்டுத்தான் இதச் சொல்றயா?"

"இல்லக்கா."

"வெச்சுக்கோ. எனக்கும் அது உறுத்தீட்டுத்தான் இருக்குது. பொண்ணோட மாமியா வேண்டாம்னுட்டா." பொடியை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "இதென்ன அம்மிணி, கல்யாண வீட்டுச் சுண்ணாம்பாட்டம் இருக்குது? முட்ட போடுமா, செவுத்துக்கு அடிக்கறதா?"

சிரித்துவிட்டேன். நீ போன பிறகு முதல் சிரிப்பு. உடனே வாயை மூடிக்கொண்டேன்.


மார்ச் 19

அக்கா தினமும் வருகிறார். ஷெட் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. சாக்கை நனைத்துக் கட்டினேன்.


மார்ச் 24

அக்கா கையால் பிசறியும் வலது பக்கத்தில் ஒன்று போய்விட்டது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். என் கை இல்லை, என் கை இல்லை என்று ஷெட் நடுவில் நின்று சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு வேறு ஒன்று தோன்றியது. அதை இன்றைக்கு எழுத மாட்டேன்.

வளையத்தை மாற்றினேன்.


மார்ச் 30

இடது பக்கத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதே தண்ணீர், அதே வெயில்.


ஏப்ரல் 6

சாரும் ராகவும் வந்தார்கள். ராகவ் வலது வரிசையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தபடியே போனான். முட்டையை எடுத்துத் தகரத்தில் தட்டிக் காட்டினான். ஓடு உண்மையிலேயே கெட்டிதான்.

"ஒண்ணுகூட சாகலை! பாருங்க சார், கோடையிலே. ஆன்ட்டி, நீங்க சூப்பர். அடுத்த மாசமே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிடலாம். அட்டையில 'பல்கலைக்கழகம் சோதித்தது'ன்னு போடப்போறோம்."

சார் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கூண்டின் முன் நின்றுவிட்டார். போன வாரம் நான் வளையம் மாட்டிய கோழி அது. அவசரத்தில் வளையத்தைப் பற்கள் சேராமல் மாட்டியிருக்கிறேன் போல, கால் விரல் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சார் அதைச் சரியாக அழுத்தி மாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடச் சாகலியாம்மா? இந்த வெயில்லயா?"

"இல்லீங்."

ராகவ் சிரித்தான். "ரிசல்ட் நல்லா வந்தாக்கூட உங்களுக்கு சந்தேகமா சார்? புது லேப் கட்டித் தர எங்க எம்.டி. ஓகே சொல்லிட்டார். திறப்பு விழாவுக்கு ஆன்ட்டிதான் விளக்கேத்தணும்."

சார் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. போகும்போது, "நல்லாப் பாத்துக்கிடுதீங்க" என்று மட்டும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் விளக்கேற்ற வேண்டுமாம். எந்த வீட்டிலும் என்னை விளக்கேற்றச் சொல்லி வருடக்கணக்கு ஆகிறது. அதனால்தான் எனக்கு ஆசை வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ராகவ் கிளம்பும் முன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் சிந்தாமணி அக்காவிடம் பேசினான். அவர்கள் ஷெட் கோழிகளுக்கும் சும்மாவே பொடி மூட்டைகள் தருகிறானாம், போட்டுப் பார்க்கட்டும் என்று. அக்கா இங்கிருந்தே தெரியும்படி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கால் வரைக்கும் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.


ஏப்ரல் 10

எழுதவில்லை.


ஏப்ரல் 17

கடைசிக் கூண்டுகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. வீட்டு முட்டைக்கு என்று வைத்தவை எல்லாம் சிவப்பு வளையத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. நான் கடையில் முட்டை வாங்கினேன். கோழிப்பண்ணைக்காரி கடையில் முட்டை வாங்குகிறாளா என்று செட்டியார் கேட்டார். வீட்டு முட்டையெல்லாம் உடைசல் என்றேன்.


ஏப்ரல் 28

உன் சட்டைகளைத் துவைத்துவிட்டேன். வாசனை போய்விட்டது. ஏன் துவைத்தேன் என்று தெரியவில்லை.


மே 6

சிந்தாமணி அக்கா வெறுங்காலோடு ஓடி வந்தார். அவர்கள் ஷெட்டில் கோழி விழ ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறதாம். இன்றைக்குக் கூடைக் கணக்காக அள்ளியிருக்கிறார்கள். மருத்துவர் வந்து ஊசி போட்டும் நிற்கவில்லை.

"உன்ற ஊட்டுல ஒண்ணுகூடச் சாகுலீன்னுதான துளசி அதப் போட்டன்! அதே பொடி, அதே தண்ணி. உனக்கு நல்லாருக்குது, எனக்கு மட்டும் இப்படி. அப்ப என்ற கைதான் செரியில்ல. பிள்ளத்தாச்சி இருக்கற ஊடு. நான் என்ன பாவம் பண்ணுனனோ, எது தொட்டாலும் வெளங்க மாட்டீங்குது."

அந்த அக்கா தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். நான் எத்தனை நாள் அப்படிப் பார்த்தேன் என்று எனக்குத்தானே தெரியும்.

காபி போட்டுக் கொடுத்தேன். அழாதீங்க என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா காபியைக் குடித்துவிட்டு, என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். நீ பாத்துப் பண்றவ அம்மிணி என்றார்.

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.


மே 7

காலையில் வலது பக்கத்தில் ஒன்று கிடந்தது. கடைசிக் கூண்டில் இன்னும் ஒரு கோழி பாக்கி இருந்தது. பிடித்தேன், அது என் கையில் சிறகடித்தது. திரும்ப உள்ளே விட்டேன்.

வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அக்கா செத்த கோழிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்கூட்லயும் செத்துச்சு. ஆரம்பத்துல இருந்தே செத்துச்சு. வளையத்த மாத்தி மாத்தி மறச்சுட்டேன். உங்க கை இல்ல. பொடிதான்."

அக்காவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "என்னது?"

மறுபடியும் சொன்னேன்.

"அன்னிக்கு என்னயக் கூப்புட்டுப் பிசறச் சொன்னயே, அப்பவும் செத்துச்சா?"

"ஆமாக்கா."

"என்ற கையில பிசறியும் செத்துச்சுன்னு தெரிஞ்சும், அவன் எனக்கு மூட்டையக் குடுக்கறத நின்னு பாத்தயா?"

"ஆமா."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். சாக்கைக் கட்டி முடித்தார். "அப்ப என்ற கையில ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"போயிரு. கொஞ்ச நாளைக்கு என்ற மூஞ்சில முழிக்காத. உன்ற பையன் செத்த துக்கத்துக்காகத்தான் கையை நீட்டாம உடறேன்."

வீட்டுக்கு வந்து சின்ன ஃப்ரிட்ஜிலிருந்து மாவை வெளியே எடுத்தேன். செத்த கோழியை, காலில் வளையத்தோடு, உள்ளே வைத்தேன். சாருக்குப் போன் பண்ணினேன். செத்துப்போச்சுங்க, இதுக்கு முன்னாலயும் நெறைய செத்துச்சுங்க, பொய் சொன்னனுங்க என்றேன். சார், "எடுத்து வைங்க. வாரேன்" என்றார்.


மே 8

சார் மட்டும் பஸ்ஸில் வந்தார். கோழியை முருங்கை நிழலில் வைத்து அறுத்தார். அதே சுண்ணாம்பு. படம் எடுத்தார், ஈரலையும் மற்றதையும் பாட்டிலில் போட்டு மூடினார். அதன் பிறகு சிந்தாமணி அக்கா ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்து, மோர் வேண்டாம் என்றார்.

"என்னயத் திட்டுங்க சார்."

"எந்த வாயால திட்டுதது? அன்னைக்கு அந்த வளையம் தொங்கினப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கேக்கல. கேட்டா நிறுத்தணும். என் லேப்ல ரெண்டு பிள்ளைங்க அந்தக் கம்பெனிக் காசுலதான் படிக்கு. புதுக் கட்டடம், மெஷினு, எல்லாம் வருதுன்னு துணைவேந்தர் வரைக்கும் சொல்லியாச்சு. நல்ல ரிசல்ட்ட யாரும்மா ரெண்டு தடவ கேக்கா? மோசமா வந்தா நூறு தடவ கேப்போம்."

"இனி என்னங்க ஆகும்?"

"எழுதுவேன். பொடி கொல்லுதுன்னு எழுதுவேன். ஒப்பந்தப்படி மொதல்ல அவங்ககிட்டத்தான் காட்டணும். அவங்க நிறுத்தி வைக்கப் பாப்பாங்க. ராகவுக்குக் காலையில சொல்லிட்டேன். போன வச்சிட்டான்." பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "பூபதி பட்டம் இனிக் கிடையாதும்மா. வளையம் மாறின கணக்க வச்சு யாருக்கும் பட்டம் குடுக்க முடியாது."

தெரியுமுங்க என்றேன். தெரிந்துதான் போன் பண்ணினேன். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது உன்னை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

"எம்பையன் ஒண்ணும் பண்ணலீங்களே. நாந்தானுங்க கெடுத்தேன். அவன் பாத்துட்டு இருந்த வரைக்கும் உள்ள கணக்கு சுத்தமுங்க. அத மட்டுமாச்சும் அவன் பேர்ல வெச்சுக்க முடியாதுங்களா?"

சார் பையைத் திறந்து மூடினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"யம்மா, அவன் பாத்துக்கிட்டிருந்தப்பவும் ஒண்ணுகூடச் சாகலன்னுதான் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பொடியத்தான அப்பவும் போட்டீங்க. குளிர்காலம், ஆரம்பம், அதனால சாகாம இருந்திருக்கலாம். இருக்கலாம், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு ஷெட்டுல மாசக்கணக்கா ஒரு கோழிகூடச் சாகாதுன்னு எந்தப் பண்ணைக்காரனும் நம்ப மாட்டான். நீங்க நம்புவீங்களா?"

நான் உன் அப்பா காலத்திலிருந்து கோழி பார்க்கிறவள். பொடி இல்லாமலேகூட மாசத்துக்கு ஒன்றிரண்டு போகத்தான் செய்யும். நீ இருந்தபோது ஒன்றும் போகவில்லை என்று நானும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன். உன் படிப்பின் பெருமை என்று நினைத்தேன்.

சார் போய்விட்டார். ஷெட்டுக்குப் போய் வலது பக்கத்துக்கும் வெறும் தீவனத்தைக் கொட்டினேன். கடைசிக் கூண்டுகளின் முன்னால் நின்றேன். நீ அவற்றைக் கொண்டுவந்து விட்ட நாளில் அங்கே எத்தனை கோழி இருந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் எண்ணியதே இல்லை. கம்பெனிக் கூட்டம் முடிந்து சேலம் ரோட்டில் வரும்போது, அந்த விபத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீ போனில், வீட்டுக்கு வந்து ஒண்ணு சொல்லோணும்மா என்றாய். கல்யாண விஷயம் என்று நினைத்தேன். பொண்ணு யாருடா என்று கேட்டு உன்னைக் கேலி பண்ணினேன். நீ சிரிக்கவில்லை.

உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். உருண்டை, எனக்கு முன்னால் நீயும் அந்த வளையத்தைக் கழற்றி மாட்டினாயா, சாமி?